அடுத்த உடுப்பு வாங்க முன்: மண்ணையும் தைத்த கையையும் நோகடிக்காத ஆடைத் தெரிவுக்கு வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் கார்மென்ட்ஸ் பஸ் வந்து நிற்கும். கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் போகிற பஸ். அதில் ஏறுகிற பிள்ளைகளில் ஒருத்தி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவள் தைப்பது கப்பலேறிப் போகிறது. ஒருநாள் அவள் போட்டிருந்த ரீசேர்ட்டின் கழுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்தோம். பங்களாதேஷ் என்று இருந்தது. இங்கே இவள் முகம் தெரியாத யாருக்கோ தைக்கிறாள், அங்கே முகம் தெரியாத ஒருத்தி இவளுக்குத் தைக்கிறாள்.

சூழலுக்கு இசைவான உடுப்பு, நெறியான உடுப்பு என்றெல்லாம் பேச்சு வரும்போது, அது கொழும்பில் ஏசிக் கடைக்குப் போகிறவர்களின் கதை என்று நாங்கள் ஒதுங்கிவிடுகிறோம். எனக்கென்னவோ அந்தக் கதை மற்ற இடங்களைவிட வன்னியில் சுலபமாக விளங்கும் என்றே படுகிறது. தைக்கிறவளும் உடுக்கிறவளும் ஒரே ஒழுங்கையில் இருக்கிறார்கள். ஒரு துணிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொன்னால், குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து விதைப்பைத் தீர்மானிக்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் அலமாரியைக் கொட்டுங்கள்

ஒரு சனிக்கிழமை பாயை விரித்து, வீட்டிலுள்ள உடுப்பு முழுவதையும் அதில் கொட்டுங்கள். மூன்று குவியல் போடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் உடுத்தவை ஒன்று. ஒரு வருடமாகத் தொடாதவை இன்னொன்று. கிழிந்தோ வெளிறியோ உடுக்க முடியாமல் போனவை மூன்றாவது.

இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2009இல் கடற்கரை மணலில் பங்கர் வெட்டி, சீலைகளை மண்மூட்டையாகத் தைத்து அடுக்கிவிட்டு, உடுத்த உடுப்போடு முகாமுக்கு வந்தவர்கள் நாங்கள். அங்கே யாரோ அனுப்பிய, அளவில்லாத சட்டைகளைப் போட்டுத் திரிந்தோம். அப்படி இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அலமாரி நிறைந்திருப்பது ஒரு ஆறுதல். அதை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் எதைக் கொண்டு நிறைக்கிறோம் என்று பார்க்கலாம்தானே.

பாடம் மூன்றாவது குவியலில் இருக்கிறது. ஒவ்வொன்றும் எப்படிச் செத்தது என்று பாருங்கள். கமக்கட்டில் கிழிந்ததா, கழுத்து தொளதொளத்துப் போனதா, நிறம் போனதா, சிப் பழுதானதா? என் வீட்டில் அதிகம் போனவை இலாஸ்டிக் இழுபட்ட லெக்கின்ஸ். அடுத்தது, தோய்க்கத் தோய்க்க உருண்டை உருண்டையாக நூல் திரண்ட கலப்புத் துணிச் சட்டைகள். பருத்தியில் தைத்துப் போட்ட சட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் அந்தக் குவியலில் கிடந்தது. அதுவும் முள்ளுக்கம்பியில் கிழிந்தது. அடுத்ததாக என்ன வாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல ஆலோசனை வேறெங்கும் கிடைக்காது.

2. விலையை அல்ல, ஒரு தரம் உடுக்கும் செலவைக் கணக்குப் பாருங்கள்

700 ரூபா ரீசேர்ட் ஏழு தோய்ப்பில் உருக்குலைந்தால், ஒரு தரம் போட 100 ரூபா. 3,000 ரூபாவுக்குத் துணி வாங்கித் தைத்த சட்டையை 150 தரம் போட்டால், ஒரு தரத்துக்கு 20 ரூபா. மலிவு எது என்று இப்போது சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வானிலும் மோட்டார் சைக்கிளிலும் வீட்டு வாசலுக்கே உடுப்பைக் கொண்டுவந்து கட்டுக்காசுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கையில் காசில்லாத நேரத்தில் அது ஒரு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நானே ஒருமுறை அப்படி வாங்கிய நைற்றி, கடைசிக் கட்டுக்காசு கொடுக்க முன்பே தரை துடைக்கப் போய்விட்டது. துணி போன பிறகும் கடன் நின்றது. தவணைக்கு வாங்குவதானால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: இந்த உடுப்பின் ஆயுள் தவணையின் ஆயுளைவிடக் கூடுதலாக இருக்குமா? இழுத்து, உள்பக்கம் திருப்பி, தையலைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். எப்படிப் பார்ப்பது என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. துணி எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

பருத்தி எங்கள் வெக்கைக்கு ஏற்றது. வியர்வையை உறிஞ்சும், காற்று விடும், கடைசியில் மண்ணோடு மண்ணாகும். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பருத்தி ரீசேர்ட்டுக்கு, பருத்திச் செடி குடிப்பதிலிருந்து எல்லாம் சேர்த்து, சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் தேவை என்பது உலகெங்கும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. வீட்டுக்கு மேலே வைத்திருக்கும் 1,000 லீற்றர் தாங்கியை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று தாங்கித் தண்ணீர், ஒரு ரீசேர்ட்டுக்கு. மத்திய ஆசியாவில் ஏரல் கடலுக்கு நீர் கொடுத்த இரண்டு ஆறுகளை 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குப் பெருமளவில் திருப்பினார்கள். உலகின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றாக இருந்த அது வற்றி, கப்பல்கள் மணலில் நிற்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே பருத்தி என்பதற்காக அள்ளி வாங்குவதில் புண்ணியம் எதுவும் இல்லை. ஒன்றை வாங்கி நெடுநாள் உடுத்தால்தான் அந்தத் தண்ணீருக்கு ஒரு அர்த்தம் வரும்.

பொலியெஸ்டர் பெற்றோலியத்திலிருந்து வருகிறது. சோடாப் போத்தலும் அதுவும் ஒரே இனம். சுருங்காது, கெதியில் காயும், நிறம் நிற்கும், மலிவு. இந்த நான்கு குணங்களுக்காகவே எங்கள் கடைகள் அதனால் நிறைந்திருக்கின்றன. குறை என்னவென்றால், சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்சில் நின்றால் அவிந்து போவீர்கள். இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தோய்ப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக் நார்கள் கழன்று தண்ணீரோடு போகின்றன. நகரத்தில் அது வடிகாலுக்குப் போகும். எங்கள் கிணற்றடித் தண்ணீர் எங்கே போகிறது? வாழைப் பாத்திக்கு.

பொலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணிதான் கடையில் அதிகம். பாடசாலைக்கும் வேலைக்கும் அது தேவைப்படும் இடங்கள் உண்டு. லேபிளில் பருத்தி பாதிக்குமேல் இருந்தால் நல்லது.

விஸ்கோஸ், ரேயோன் என்று வருவது மரக்கூழிலிருந்து செய்வது. மெதுமெதுவென்று குளிர்ச்சியாக இருக்கும். மரம் என்றவுடன் இயற்கை என்று விற்பார்கள், மூங்கில் துணி என்றும் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் மூங்கில் துணியில் பெரும்பங்கு மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். அதைச் செய்யப் பயன்படுத்தும் காபன் டைசல்பைட் ஆலைத் தொழிலாளர்களின் நரம்பைப் பாதிக்கக்கூடிய இரசாயனம். லயோசெல் என்று எழுதியிருந்தால் அது வேறு முறை. கரைப்பானை ஏறத்தாழ முழுவதுமாக மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பக்கம் அரிதாகத்தான் கிடைக்கும், கண்டால் எடுக்கலாம்.

பட்டைப் பற்றி ஒரு வரி. வழமையான பட்டுக்குக் கூட்டுப்புழுவை உயிரோடு ஆவியிலோ வெந்நீரிலோ போடுகிறார்கள். அதைத் தாங்க முடியாதவர்கள் கலியாணத்துக்கும் பருத்தி உடுக்கலாம். தாங்கக்கூடியவர்கள் ஒரு கூறையை மூன்று தலைமுறைக்கு வைத்திருங்கள்.

லேபிள் இல்லாத துணி என்றால் நெருப்புச் சோதனை செய்யலாம். உள்ளோரத்திலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, குறட்டால் பிடித்து, முற்றத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். விஸ்கோஸும் அப்படித்தான், இரண்டையும் இதில் பிரிக்க முடியாது. பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, பிளாஸ்டிக் மணத்தோடு கறுத்த கட்டியாக இறுகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகுகிற மணம் தரும். எரிந்தும் உருகியும் இரண்டும் செய்தால் கலப்பு. சுத்தப் பருத்தி என்று சத்தியம் செய்து எனக்கு விற்ற ஒரு பஞ்சாபித் துணி, கொளுத்தியபோது மெழுகுதிரி மாதிரிச் சொட்டியது. அன்றிலிருந்து துணிக்கடைக்குப் போனால் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துதான் மீற்றர் கணக்கில் எடுக்கிறேன்.

4. சாயத்தைச் சோதியுங்கள்

வெள்ளைக் கைலேஞ்சியை நனைத்துப் பிழிந்து, துணியின் உள்பக்கத்தில் பத்துத் தரம் தேயுங்கள். நிறம் தாராளமாக ஒட்டினால் அந்தச் சாயம் உங்கள் வியர்வையிலும் ஒட்டும், மற்ற உடுப்பிலும் ஒட்டும். சிலவகை அசோச் சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் பிரியலாம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் அவற்றைத் தடை செய்திருக்கின்றன. எந்தப் புதுத் துணியையும் ஒருதரம் தோய்த்துவிட்டே உடுங்கள், குறிப்பாகக் குழந்தைப்பிள்ளையின் உடுப்பை.

ஒட்டாத சாயத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் கடைகளுக்கு வரும் பெனியன், உள்ளாடை, ரீசேர்ட்டில் கணிசமானவை திருப்பூர்ச் சரக்கு. அந்த ஊரின் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தேக்கமாக மாறி, சுற்றியுள்ள விவசாயிகளின் கிணறும் காணியும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவே வெளியில் விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றது. எங்கள் இரணைமடுக் குளத்துக்கு இப்படி நடந்தால் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

இதற்கு வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கடும் கறுப்பு, மினுங்கும் நிறங்களைக் குறைத்து, வெளிர் நிறங்களையும் சாயமிடாத பழுப்பு வெள்ளையையும் கூட்டலாம். கிழித்து வெளிறவைத்த ஜீன்ஸை விட்டுவிடலாம். அந்த வெளிறலுக்காக மணலை அழுத்தத்தில் பீய்ச்சியடித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்து, பலர் செத்துப்போனார்கள். துருக்கி 2009இல் அந்த முறையைத் தடை செய்தது. வயலில் இரண்டு போகம் நின்றால் எந்த ஜீன்ஸும் தானாக வெளிறும்.

5. யார் தைத்தார், என்ன கிடைத்தது என்று கேளுங்கள்

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பைக் கண்டிருந்தார்கள். கீழ் மாடிகளில் இருந்த கடைகளையும் வங்கியையும் மூடினார்கள். மேலே இருந்த தையல்காரரை மட்டும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ரீசேர்ட்டை மலிவாகவும் கெதியாகவும் கொடுக்க வேண்டும் என்ற நெருக்குதல் கடைசியில் போய் நிற்கிற இடம் அது.

இலங்கையின் நிலை அதைவிட மேல். 2006இல் இலங்கை ஆடை ஏற்றுமதியாளர்கள், குற்றவுணர்வின்றி உடுக்கக்கூடிய ஆடை எங்களுடையது என்று ஒரு பிரசாரமே தொடங்கினார்கள். சட்டமும் இருக்கிறது. வேலைக்குச் சேர்க்கும் ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். தேசிய ஆகக்குறைந்த மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. ஆனால் சட்டம் சொல்கிற ஆகக்குறைந்த சம்பளமும், அரிசி, தேங்காய், பிள்ளையின் ரியூசன் எல்லாம் போய் ஒரு குடும்பம் வாழக்கூடிய சம்பளமும் ஒன்றல்ல. எங்கள் ஒழுங்கைப் பிள்ளையிடம் கேட்டால் சம்பளத்தைவிட முதலில் டார்கெட்டைப் பற்றித்தான் சொல்வாள். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் குடிக்க எழும்புவதைத் தள்ளிப்போடுவது பற்றி.

கடையில் நின்று இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? முழுதாக முடியாது. உதவக்கூடிய சில சான்று முத்திரைகள் உண்டு. ஜி.ஓ.டி.எஸ். என்பது இயற்கை வேளாண் நாருக்கானது. குறைந்தது 70 வீதம் அப்படிப்பட்ட நார் இருக்க வேண்டும், முழுத் தரத்துக்கு 95 வீதம். கழிவுநீர், தொழிலாளர் நிலை இரண்டையும் அது பார்க்கிறது. ஃபெயார் ட்ரேட் பருத்தி என்பது விவசாயிக்குக் கிடைக்கும் விலையைப் பற்றியது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று இருந்தால், தோலுக்குத் தீங்கான இரசாயனங்களுக்காக அந்தத் துணியைச் சோதித்திருக்கிறார்கள். தைத்தவளின் சம்பளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வெறுமனே பச்சை இலைப் படமும் எக்கோ என்ற சொல்லும் இருந்தால், அது அச்சகத்துக்காரரின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் சந்தையில் இந்த முத்திரைகளைத் தேடிக் களைத்துப் போவீர்கள். ஆனால் முத்திரை இல்லாமலே முழு விபரமும் தெரிந்த ஒரு இடம் இருக்கிறது. அது உங்கள் தையல் அக்காவின் வீட்டு விறாந்தை. யார் வெட்டுகிறார், யார் தைக்கிறார், கூட வேலை செய்யும் பிள்ளைக்கு வயது என்ன, மத்தியானம் சாப்பிட்டாளா என்பதெல்லாம் கண்முன்னே.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விலைச்சீட்டு ஒட்டிய கடையில் கேட்ட காசை வாய் பேசாமல் கொடுக்கிறோம். கணவரில்லாமல் ஒரு மெஷினை வைத்து நாலு பிள்ளைகளை வளர்க்கிற அக்காவிடம் போய், "என்னக்கா, ஒரு சட்டைக்கு இவ்வளவோ?" என்று ஐம்பது ரூபாவுக்குப் பேரம் பேசுகிறோம். நெறியான உடுப்பு வேண்டுமென்றால் முதல் வேலையாக இந்தப் பேரத்தை விடுங்கள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து அவரை விடிய விடியத் தைக்க வைப்பதையும் விடுங்கள். அதுவும் ஒரு டார்கெட்தான்.

6. எங்கே வாங்குவது, என்ன பார்ப்பது

என் வரிசை இது: இருப்பதைத் திருத்துதல், உறவுக்குள் மாற்றுதல், துணி எடுத்துத் தைத்தல், கைத்தறி, ஏற்றுமதி மிச்சம், பழைய உடுப்பு, கடைசியாகப் புது ஆயத்த உடுப்பு. உள்ளாடைக்கு இந்த வரிசை பொருந்தாது, அதைப் புதிதாகவே நல்லதாக வாங்குங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது உள்தையலுக்கு ஒரு அங்குலத் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு வைத்தாலும் மெலிந்தாலும் பிரித்துத் தைக்கலாம். மிஞ்சும் துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள், ஒட்டுப்போட அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது.

கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பது சர்வசாதாரணம். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கிறதா, நூலில் சிறு ஏற்ற இறக்கம் தெரிகிறதா, கரையோரத்தில் துணியை இழுத்துப் பிடித்த ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சடித்தது போல் ஒரு பிசகும் இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கிழக்கே மருதமுனைக் கைத்தறிச் சாறமும் சீலையும் பெயர்பெற்றவை, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்கலாம். தமிழ்நாட்டுக்குப் போகிறவர் இருந்தால் 1935இலிருந்து இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவின் கடை.

ஏற்றுமதி மிச்சத்தை ரிஜெக்ட் என்று குறைவாகச் சொல்வோம். பெரும்பாலும் லேபிளை வெட்டியிருப்பார்கள். ஆனால் பக்கத் தையலுக்குள் சின்னப் பராமரிப்பு லேபிள் தப்பியிருக்கும், நார் விபரம் அதில் கிடைக்கும். எதற்காகத் தள்ளினார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் கலை. நிற வித்தியாசம் என்றால் பரவாயில்லை. ஊசி ஓட்டை என்றால் ஓடிவிடும், வேண்டாம்.

எதை எடுத்தாலும் அந்த உடுப்பின் சாவை இப்படித்தான் கணிக்கிறேன். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கை தெளிவாகத் தெரியக்கூடாது. இரண்டு பக்கம் பிடித்து மெல்ல இழுத்தால் தையல் இடைவெளி விட்டுப் பல்லிளிக்கக்கூடாது. ஒரு அங்குலத்தில் எட்டுக்குக் குறைந்த தையல் என்றால் அவசரத்தில் தைத்தது. கமக்கட்டிலும் கவட்டிலும் இரட்டைத் தையல் வேண்டும். கோடு போட்ட துணியில் பக்கத் தையலில் கோடுகள் பொருந்தியிருந்தால், வெட்டியவர் அக்கறையாக வெட்டியிருக்கிறார்.

பழைய உடுப்பை வெந்நீரில் ஊறவைத்துத் தோய்த்து நல்ல வெயிலில் போட்டெடுங்கள். யாரோ செத்தவருடைய உடுப்பாக இருக்குமோ என்று அம்மம்மா கேட்பார். கேட்கட்டும்.

7. சீருடையும் விசேஷங்களும்

1993இலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுத்து வருகிறது. அது கிடைத்தவுடன் தைக்கும்போது கீழ்மடிப்பை மூன்று அங்குலம் விடுங்கள். பாவாடையோ காற்சட்டையோ அடுத்த வருடமும் ஓடும். மடிப்பைப் பிரிக்கும்போது தெரியும் பழைய கோட்டை ஒரு வரித் தையலால் மறைக்கலாம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஆவணித் திருவிழாவுக்கும் புதுசு வேண்டும் என்று பிள்ளைகள் நிற்பார்கள். வருடத்துக்கு இரண்டு புது உடுப்பு, எந்த விசேஷத்துக்கு என்பதை அவர்களே தெரிவு செய்யட்டும் என்று எங்கள் வீட்டில் விட்டோம். மூத்தவள் மடுவைத் தெரிவு செய்தாள், சின்னவன் இன்னும் முடிவெடுக்கவில்லை.

கலியாணவீடும் சாமத்தியவீடும்தான் பெரிய விரயம். தோழிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் ஒரே நிறச் சீலை என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வீடியோவுக்கு மட்டும் உடுத்துவிட்டு மடித்து வைக்கும் பொலியெஸ்டர் சீலைகள் அவை. நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு, அவரவரிடம் இருப்பதை உடுத்து வரச் சொல்லலாம். கூறையைத் தவிர மற்ற மணப்பெண் உடுப்பை வாடகைக்கு எடுக்கலாம். இப்போது அலங்காரக்காரரிடமே கிடைக்கிறது.

8. எங்கள் தண்ணீரில் எப்படித் தோய்ப்பது

வன்னியின் பல கிணறுகளில் கடினத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் துணியில் ஏறி, அதை மொறமொறப்பாக்கி நிறத்தை மங்க வைக்கும். உடுப்பு பழசாகிவிட்டது என்று எறிகிறோம், பாதிக் குற்றம் தண்ணீருடையது. கட்டிச் சவர்க்காரத்தைவிடத் தோய்க்கும் தூள் இந்தத் தண்ணீருக்கு நல்லது. கடைசி அலசலுக்கு அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி சேர்த்தால் படிவு கரையும். மாரி மழை பெய்யும் மாதங்களில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வெள்ளைச் சீருடையை அதில் அலசிப் பாருங்கள், நீலமே போடத் தேவையிராது.

இரும்புக் கறை உள்ள தண்ணீரில் குளோரின் வெளிற்றி போடாதீர்கள். மஞ்சள் இன்னும் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சம் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் போகும். செம்மண் கறை என்றால் ஈரத்தோடு தேய்க்காமல் காயவிட்டு உதறுங்கள்.

நிற உடுப்பை உள்பக்கம் திருப்பி நிழலில் போடுங்கள். எங்கள் நடுமத்தியான வெயில் எந்தச் சாயத்தையும் ஒரு வருடத்தில் தின்றுவிடும், இலாஸ்டிக்கையும் சேர்த்து. ஒரு தரம் போட்ட எல்லாவற்றையும் தோய்க்க வேண்டியதில்லை. கோயிலுக்கு இரண்டு மணித்தியாலம் உடுத்த சீலையைக் காற்றாட விட்டு மடித்து வைக்கலாம். பொலியெஸ்டரை அடித்துத் தோய்க்காமல் மெதுவாகத் தோய்த்தால் நார் கழல்வது குறையும். அந்தத் தண்ணீரை மரக்கறிப் பாத்திக்கு விடாமல் வேறு பக்கம் வெட்டிவிடுங்கள்.

9. உடுத்து முடிந்த பிறகு

பருத்திக்குப் பல பிறவி உண்டு. பழைய வேட்டியும் நூல் சீலையும் பிறந்த பிள்ளைக்குத் துணியாகும். மெத்தென்றிருக்கும், கடையில் வாங்கும் எதுவும் அதற்கு ஈடில்லை. அடுத்ததாக அடுப்படியில் பிடிதுணி. பிறகு சைக்கிள் துடைக்க. கடைசியில் பித்தானையும் சிப்பையும் வெட்டி எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக்கிக் கூட்டெருக் கிடங்கில் போட்டால் மண்ணாகிவிடும். கார்மென்ட்ஸ் வெட்டுத் துண்டில் கால்மிதி பின்னுகிற பெண்கள் பக்கத்தில் இருந்தால், பழைய ரீசேர்ட்டைக் கீறிக் கொடுங்கள், எடுப்பார்கள்.

வளவு மூலையில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிற பழக்கத்தை மட்டும் நிறுத்த வேண்டும். பொலியெஸ்டர் எரிகிற புகை பிளாஸ்டிக் எரிகிற புகைதான். பழைய பொலியெஸ்டர் துணியைத் தலையணைக்குள் அடையலாம், மோட்டார் சைக்கிளுக்கு உறையாகத் தைக்கலாம், நெல்லு மூட்டை மூடலாம்.

அல்லது எங்கள் வீட்டில் செய்தது போல வயலுக்கு அனுப்பலாம். அப்பாவின் பொலியெஸ்டர் சேர்ட் இரண்டு காலபோகமாக வெருளி மேல் நிற்கிறது. மழை பெய்து, வெயில் எறித்து, மயில் கொத்தி, இன்னும் ஒரு பித்தான்கூட விழவில்லை.